பெயர் எழுதக் கற்றுத் தந்தவர்



2014 ஒக்டோபர் 29ஆம் திகதி புதன்கிழமை. பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தைக்கு மேலேயுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் காலை ஏழரை மணியளவில் மலை சரிந்து லயங்களின் மேல் விழுந்தது. பல நாள் பெய்த மழையில் ஊறிப் போயிருந்த மண், வீடுகளையும் கோயிலையும் பாதையையும் ஒன்றாக மூடிவிட்டது. அந்த மலை ஆபத்தானது, மக்களை அங்கிருந்து அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் 2005லும் 2011லும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, போய் இருப்பதற்கு வீடு இல்லை.

அந்தக் காலையில் உயிர் தப்பியவர்களில் பலர் பிள்ளைகள். எப்படித் தப்பினார்கள்? மண் சரிவதற்குச் சற்று முன்புதான் புத்தகப் பையைத் தூக்கிக் கொண்டு பள்ளிக்கூடத்துக்கு இறங்கியிருந்தார்கள். இறைவன் நாடினான், பள்ளிக்கூடம் அவர்களுக்குக் காவலாயிற்று.

இந்தச் செய்தியைக் கேட்ட அன்று என் மனதில் முதலில் வந்து நின்றவர் ஒரு வயோதிபர். அவருடைய பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதுவதை அவர் விரும்பியிருக்க மாட்டார். அவரை நாங்கள் 'பெரிய சேர்' என்றுதான் அழைப்போம். அந்த மலைகளில் நாற்பது வருடம் ஆசிரியராக இருந்தவர். தேயிலைத் தோட்டத்தில் ஒரு பிள்ளை காலையில் பையைத் தூக்கிக் கொண்டு பள்ளிக்கூடம் போவது இன்று சாதாரணக் காட்சி. அதைச் சாதாரணமாக்குவதற்கு எத்தனை பேருடைய வாழ்க்கை செலவாகியிருக்கிறது என்பதை அவரைப் பார்த்துத்தான் நான் தெரிந்து கொண்டேன்.

ஒரு அறை, ஐந்து வகுப்பு

அறபுக் கல்லூரியை முடித்து மௌலவி ஆசிரியராக நான் நியமனம் பெற்றபோது ஊவாவில் ஒரு பஜார்ப் பாடசாலையில் போட்டார்கள். தோட்டத்துப் பிள்ளைகளும், பஜாரில் கடை வைத்திருக்கும் நம்மவர்களின் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கும் தமிழ்ப் பாடசாலை அது. பெரிய சேர் அங்கே அதிபர். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. முதல் நாளே என்னை அலுமாரிக்குப் பின்னால் அழைத்துப் போய், "மௌலவி, லுஹருக்கு இந்த இடம் உங்களுக்கு. பாய் ஒன்று வீட்டிலிருந்து கொண்டு வந்து வைத்திருக்கிறேன்" என்றார். அன்றிலிருந்து அவர் எனக்கு மூத்த சகோதரர் போல.

அவர் 1966ல் ஆசிரிய வேலைக்குச் சேர்ந்தவர். அப்போது பள்ளிக்கூடம் அரசாங்கத்துடையது அல்ல, தோட்டத்துடையது. 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தோட்டத் துரைமார் கல்விக்கு வழி செய்ய வேண்டும் என்று சொன்னது. சொன்னதே தவிர, பல தோட்டங்களில் அது ஒரு தகரக் கொட்டகையாகவும் ஒரு வாத்தியாராகவும் முடிந்து போனது. ஒரே அறையில் ஐந்து வகுப்பு. ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிப்பதானால் மலையிறங்கி நகரத்துக்குப் போக வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் கொழுந்து மலைக்குத்தான் போனார்கள்.

கன்னங்கராவின் முயற்சியால் 1945ல் நாட்டில் இலவசக் கல்வி வந்தது. தோட்டத்துப் பள்ளிகள் நெடுங்காலம் அதற்கு வெளியேதான் நின்றன. 1948ல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, அந்தப் பிள்ளைகளின் பெற்றோரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. தோட்டங்கள் எழுபதுகளில் அரசுடைமையாக்கப்பட்ட பிறகு, 1977 முதல்தான் இந்தப் பள்ளிகளை அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பேற்றது.

"அதுவரைக்கும் என் சம்பளம் தோட்டத்து ஒபிஸில்தான் மௌலவி. கணக்கப்பிள்ளைமாருக்கும் எனக்கும் ஒரே வரிசை. பிரட்டுக்குப் பிள்ளைகள் தேவைப்பட்டால் வகுப்பிலிருந்தே கூப்பிட்டுப் போவார்கள். நான் வாசலில் நின்று பார்த்துக் கொண்டிருப்பேன்" என்று ஒருநாள் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. வெட்கப்பட்டவர் போலச் சொன்னார்.

பகலில் பலகை, இரவில் கடிதம்

தோட்டத்து வாத்தியாரின் வேலை பள்ளிக்கூடத்தோடு முடிவதில்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவர் லயத்தில் இரண்டொருவர் இருந்தாலே பெரிது. ஆகவே இந்தியாவிலிருந்து வரும் கடிதத்தை வாசிப்பவர் அவர். பதில் எழுதுபவர் அவர். பிறப்பு இறப்புப் பதிவுக்கும் ஆஸ்பத்திரித் துண்டுக்கும் அவரிடம்தான் வருவார்கள்.

1964ல் ஸ்ரீமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேரின் விடயம் பிறகு என்று இரு நாட்டுத் தலைவர்களும் மனிதரைப் பங்கிட்டார்கள். பங்கிடப்பட்டவர்கள் விண்ணப்பம் நிரப்ப வேண்டுமே! பெரிய சேரின் வீட்டுத் திண்ணையில் இரவு பத்து மணி வரை குப்பி லாம்பு எரியும். இந்தியாவுக்கு எழுதுவதா, இலங்கைக்கு எழுதுவதா என்று தெரியாமல் குடும்பம் குடும்பமாக வந்து உட்கார்ந்திருப்பார்களாம். அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி இன்னொரு நாட்டுக்கும் எழுதிய வீடுகள் உண்டு. கையெழுத்துப் போடத் தெரியாமல் பெருவிரலை மையில் தோய்ப்பார்கள்.

"அன்றைக்கு நினைத்தேன். இந்த ஜனங்களின் பிள்ளைகள் ஒருவரும் இனி விரல் அடையாளம் வைக்கக் கூடாது. வேறு ஒன்றும் வராவிட்டாலும் சொந்தப் பெயரைச் சொந்தக் கையால் எழுத வேண்டும்" என்றார். அவருடைய வகுப்பில் முதல் பாடம் அகரம் அல்ல. பிள்ளையின் பெயர், தாயின் பெயர், தகப்பனின் பெயர், தோட்டத்தின் பெயர். இந்த நான்கையும் எழுதிய பிறகுதான் மற்றவை.

எஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003ல். அப்போதும் அவருடைய வீட்டுத் திண்ணையில் படிவங்களோடு ஆட்கள் இருந்தார்கள்.

மாஸ்டரம்மாவின் கேள்வி

சகோதரிகளே! இப்படிப்பட்டவர்களைப் பற்றி எழுதும்போது நாம் ஒரு பக்கத்தை மறைத்துவிடுகிறோம். அவருக்கும் ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள்.

அவருடைய மனைவியைத் தோட்டத்தில் எல்லோரும் 'மாஸ்டரம்மா' என்பார்கள். எனக்கு வெறுந்தேத்தண்ணியும் கருப்பட்டித் துண்டும் தராமல் அனுப்ப மாட்டார். ஒருநாள் சேர் பஜாருக்குப் போயிருந்தார். அந்த அம்மா தையல் மெசினை நிறுத்திவிட்டு என்னிடம் சொன்னார்:

"மௌலவி தம்பி, உங்கள் சேருக்கு மூன்று தரம் டவுனுக்கு மாற்றம் வந்தது. மூன்று தரமும் வேண்டாம் என்று எழுதினார். இந்தப் பிள்ளைகளை விட்டுப் போக முடியாது என்றார். சரி. எங்கள் மகள்? அவளும் இங்கேதான் படித்தாள். கணக்குக்கு ஆசிரியர் இல்லாத பள்ளிக்கூடத்தில் படித்துச் சாதாரண தரத்தில் கணக்கில் தவறிவிட்டாள். இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் தகப்பனாக இருந்தவர், அவளுக்கும் தகப்பன்தானே?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. தம்பிமார் இருவருடைய படிப்பு, தங்கைமாரின் கலியாணம், வயதான தாயாரின் மருந்து எல்லாம் அந்த ஒரு சம்பளத்தில்தான் நடந்தது. குறைந்த இடத்தை நிரப்பியது அந்தத் தையல் மெசின். ஊரார் சேரைத்தான் தியாகி என்றார்கள். மாஸ்டரம்மாவை யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

ஒரு தடவை நானே இதைச் சேரிடம் மெதுவாக எடுத்தேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அவள் சொல்வது சரி. அந்த வருடம் நான் என் மகளோடு உட்கார்ந்திருக்க வேண்டும். மாலையில் வீட்டில் நூறு பேர் இருப்பார்கள். அவள் அடுப்படியில் தனியாகக் கணக்குப் போட்டுக் கொண்டிருந்திருக்கிறாள். மாற்றத்தை வேண்டாம் என்றதற்கு நான் வருந்தவில்லை மௌலவி. அடுப்படியைப் பார்க்காமல் இருந்ததற்கு வருந்துகிறேன்" என்றார்.

இந்த வார்த்தையை நான் மறக்கவில்லை. எனக்கும் மூன்று பிள்ளைகள். ஊருக்கு ஓதிக் கொடுத்துவிட்டுக் களைத்து வீட்டுக்கு வரும்போது அது ஞாபகம் வரும். குடும்பத்தாருடைய ஹக்கும் ஊராருடைய ஹக்கும் இரண்டும் நம் மேல் உள்ளவை. ஒன்றைக் கொடுத்து மற்றதை ஈடு செய்ய முடியாது.

மகள் இரண்டாம் தடவை எழுதித் தேறினாள். நகரத்தில் ஒரு டீச்சரம்மாவிடம் சனிக்கிழமைகளில் போய்ப் படித்தாள். தாய்தான் பஸ்ஸில் கூட்டிப் போய் வந்தார்.

ஒரு வாத்தியார் வீட்டிலிருந்து

இந்த ஊவா மாகாணத்தில் தோட்டத்து ஆசிரியரின் வீட்டிலிருந்து வந்து, நாடறிந்தவரான ஒருவர் உண்டு. எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப். 1934ல் ஹாலி-எலவுக்கு அருகே ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்தார். தகப்பனார் தோட்டத்துப் பள்ளி ஆசிரியர். மகனுக்கு முதல் எழுத்துச் சொல்லிக் கொடுத்தது அந்தப் பள்ளிதான். பின்னாளில் தெளிவத்தைத் தோட்டத்தில் தாமே வேலை பார்த்து, அந்தத் தோட்டத்தின் பெயரையே தம் பெயருக்கு முன்னால் வைத்துக் கொண்டார். 'காலங்கள் சாவதில்லை' என்ற நாவலும் 'நாமிருக்கும் நாடே' என்ற சிறுகதைத் தொகுதியும் லயத்து மக்களின் வாழ்க்கையை வெளியுலகுக்குக் காட்டின. 2013ல் தமிழ்நாட்டில் விஷ்ணுபுரம் விருது பெற்றார். 2022 ஒக்டோபரில் காலமானார். தகரக் கொட்டகைப் பள்ளிக்கூடம் என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். அதற்குள்ளிருந்து என்ன வரும் என்று யாருக்குத் தெரியும்?

முகாமில் ஒரு வகுப்பு

மீரியபெத்தை மண்ணில் புதைந்த பிறகு, வீடிழந்த மக்களைக் கொஸ்லந்தையிலும் பூனாகலையிலும் உள்ள தமிழ்ப் பாடசாலைகளில் தங்க வைத்தார்கள். சில நாள் கழித்து நாங்கள் சிலர் பஜார்க் கடைக்காரர்களிடம் சேர்த்த உடுப்பும் பால்மாவும் கொண்டு போனோம். காணாமற் போனவர்கள் எத்தனை பேர் என்பதே அப்போது குழப்பமாக இருந்தது. முதலில் நூற்றுக்கணக்கில் சொன்னார்கள். பிறகு எண்ணிக்கை குறைந்து கொண்டே வந்தது. யார் அந்த லயத்தில் இருந்தார்கள், யார் வெளியூர் போயிருந்தார்கள் என்று ஒவ்வொரு பெயராகத் தேட வேண்டியிருந்தது.

அங்கே ஒரு மூலையில் பெரிய சேர் உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்று எட்டு வருடமாகிவிட்டது. பக்கத்தில் கைத்தடி. சுற்றிவரப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். ஆளுக்கொரு கொப்பி கொடுத்திருந்தார். எட்டிப் பார்த்தேன். பிள்ளைகள் தங்கள் பெயரை எழுதிக் கொண்டிருந்தார்கள். அடுத்து தாயின் பெயர். அதற்கடுத்து தகப்பனின் பெயர். ஒரு சிறுமி தாயின் பெயரை எழுதிவிட்டு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "எழுது மகள், அழகாக எழுது. அது உன் அம்மாவின் பெயர்" என்றார்.

அவருக்குப் பக்கத்தில் இன்னொரு கூட்டத்துக்குக் கணக்குச் சொல்லிக் கொண்டிருந்தவள் அவருடைய மகள். ஆம், கணக்குத்தான். அவளும் அப்போது ஆசிரியை.

பாதிக்கப்பட்ட குடும்பங்கள் தேயிலைத் தொழிற்சாலையிலும் தற்காலிக இடங்களிலும் இரண்டு வருடமளவில் காத்திருந்தார்கள். 2016ல் பூனாகலைப் பகுதியில் புதிய வீடுகள் கையளிக்கப்பட்டன. பெரிய சேர் அதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

நமக்கு என்ன?

இது நம் சமுதாயத்து விடயம் அல்லவே என்று சிலர் நினைக்கலாம். பத்ருப் போரில் கைதிகளாகப் பிடிபட்ட மக்காவாசிகளில் எழுத்தறிவு உள்ளவர்கள், மதீனாவின் சிறுவர்களில் ஆளுக்குப் பத்துப் பேருக்கு எழுதக் கற்றுக் கொடுத்தால் விடுதலை என்று நபி (ஸல்) அவர்கள் ஏற்பாடு செய்த வரலாற்றை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அந்த ஆசிரியர்கள் முஸ்லிம்கள் அல்லர். பிள்ளைக்கு எழுத்தைக் கற்றுத் தருபவரின் கண்ணியம் அன்றே அப்படி இருந்தது. ஊவாவில் நம் பிள்ளைகள் பலருக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்தவர்கள் இப்படிப்பட்ட மாஸ்டர்மாரும் டீச்சர்மாரும்தான்.

இன்று தோட்டப் பாடசாலைகளில் வேலை செய்பவர்களில் பெண்கள் ஏராளம். 2014, 2015 அளவில் ஆசிரிய உதவியாளர்களாகச் சேர்ந்த மலையக இளைஞர் யுவதிகளுக்கு முதலில் மாதம் கிடைத்தது 6000 ரூபாய்தான். அதிலே பஸ்ஸுக்குக் கொடுத்து, மழையில் மலையேறிப் போய்ப் படிப்பித்தார்கள். உங்கள் பிள்ளையின் டீச்சர் இப்படி வந்து போகிறவராக இருக்கலாம். குடை இல்லாமல் வாசலில் நின்றால் உள்ளே அழையுங்கள். உங்கள் வீட்டிலேயே ஒரு மகளோ மருமகளோ தூரத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்தால், அவள் வந்ததும் அடுப்படி முழுவதையும் அவள் தலையில் போடாதீர்கள்.

பெரிய சேரின் மரண வீட்டுக்குப் போனேன். முற்றம் நிறைய ஆட்கள். கொழுந்து மலையிலிருந்து அப்படியே வந்தவர்கள் பலர். வருகையைப் பதிவதற்கு வாசலில் ஒரு கொப்பி வைத்திருந்தார்கள். ஐம்பது, அறுபது வயதுப் பெண்கள் வரிசையில் நின்று பேனையை வாங்கி மெதுவாகத் தங்கள் பெயரை எழுதினார்கள். நான் என் முறை வரும் வரை பார்த்துக் கொண்டு நின்றேன். ஒருவரும் விரல் அடையாளம் வைக்கவில்லை.