சுவரில் எழுதிய ஆற்றுப்படை

விளம்பரம் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தே கற்றோர் பலர் முகஞ் சுளிப்பர். பொய்யும் புனைசுருட்டும் வாணிகத்தின் உடன்பிறப்புக்கள் என்பது அவர்தம் துணிபு. அஃது முற்றும் பிழையன்று. ஆயினும், மக்களை வீட்டுக்கு வெளியே அழைத்து, மரநிழலிலும் ஆற்றங்கரையிலும் ஒரு பொழுதைக் கழிக்கச் செய்த விளம்பரங்களும் உள. அவற்றுள் தலைசிறந்தவை இலண்டன் மாநகரின் நிலக்கீழ்ப் புகையிரதக் கம்பனி வெளியிட்ட வண்ணச் சுவரொட்டிகள் என்பது என் கருத்து.

1908 ஆம் ஆண்டில் அக்கம்பனியின் விளம்பரப் பொறுப்பு பிராங் பிக் என்பாரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் சட்டம் பயின்றவர், ஓவியரல்லர். அவர்முன் நின்ற சிக்கல் எளிதில் விளங்கத்தக்கது. காலையும் மாலையும் தொழிலுக்குச் செல்வோரால் வண்டிகள் நிறைந்தன. நண்பகலிலும் வார இறுதியிலும் பல இருக்கைகள் வெறுமையாய்க் கிடந்தன. ஆள் ஏறினும் ஏறாவிடினும் தண்டவாளத்துக்கும் வண்டிக்கும் இட்ட முதல் இட்டதே. ஆகவே, ஓய்வுப் பொழுதில் மக்கள் செல்வதற்கு ஓரிடத்தைக் காட்டல் வேண்டும். நகரின் புறத்தேயோ காடும் மேடும் வயலும் விரிந்து கிடந்தன.

அந்நாளில் நிலையச் சுவர்களில் பற்பல வணிகரின் விளம்பரங்கள் நெருங்கியிருந்தமையால், நிலையத்தின் பெயரையே தேடிக் காணவேண்டியிருந்தது. பிக் அவற்றை ஒழுங்குபடுத்தித் தம் சுவரொட்டிகளுக்குத் தனியிடம் வகுத்தார். தேர்ந்த ஓவியர்களையும் நாடினார். அமெரிக்காவிலிருந்து வந்திருந்த இளைஞர் மக்நைற் கோஃபருக்கு 1915 இல் முதற்பணி கிட்டியது. ஆக்ஸி வனம், வாட்ஃபோர்ட், ரெய்கேற் முதலிய இடங்களை அவர் தீட்டினார். ஆக்ஸி வனத்தைக் காட்டும் ஓவியத்தில் புகையிரதத்தின் உருவமே இல்லை. மரங்கள் அழுத்தமான வண்ணத் திட்டுக்களாய் நிற்கின்றன. விற்பவன் மறைந்து நிற்க, இடம் தானே பேசுகிறது.

மாணாக்கர்க்கு ஆற்றுப்படை இலக்கணம் கற்பிக்குங்கால் இச்சுவரொட்டிகள் என் நினைவுக்கு வருதலுண்டு. பரிசில் பெற்று மீளும் பாணன், எதிர்ப்படும் வறிய பாணனுக்கு வள்ளலின் ஊரையும் அங்குச் செல்லும் வழியையும் கூறுகிறான். வழியிடைக் காணும் நிலங்களும், அங்கங்கே பெறும் உணவும் விரிந்து வருகின்றன. பத்துப்பாட்டில் ஐந்து இவ்வகையின. கோஃபரின் சுவரொட்டியில் வள்ளலின் இடத்தே ஒரு வனம் நிற்கிறது; வேறுபாடு அவ்வளவே.

எல்லா ஓவியரும் கண்டதையே தீட்டினர் என்று எண்ணற்க. அதே 1908 இல் ஜோன் ஹசல் என்பார், வேறொரு புகையிரதக் கம்பனிக்காக ஸ்கெக்னெஸ் என்னும் கடற்கரை ஊரை விளம்பரஞ் செய்தார். பருத்த மீனவர் ஒருவர் மணலில் துள்ளிக் குதிக்கிறார். வடகடலின் குளிர்காற்று அங்கே உடலுக்கு ஊக்கந்தரும் காற்றாகிவிட்டது! ஹசல் அவ்வூரைக் கண்ணாற் கண்டது 1936 இலேதானாம். காணாத ஊரைப் பாடும் வல்லமை நம் புலவர்க்கு மட்டும் உரியதன்று போலும்.

1916 இல் பிக் செய்த செயலொன்று என் உள்ளத்தைத் தொட்டது. போர்முனையிலிருந்த வீரர்க்கு ஊர் நினைவாகச் சுவரொட்டிகளை அனுப்பினார். ஜோர்ஜ் கிளோசன் தீட்டிய கிராமக் காட்சி அவற்றுள் ஒன்று. அப்பயணிகளுக்கு விற்பதற்குச் சீட்டு எதுவுமில்லை.

இனி, இதன் மறுபக்கம். மெற்றோபொலிற்றன் என்னும் மற்றொரு புகையிரதக் கம்பனி, தன் பாதையோரத்து நாட்டுப்புறத்துக்கு 1915 இல் ‘மெற்றோலாண்ட்’ என்று பெயரிட்டு, அதன் எழிலைப் புகழும் கையேடுகளை 1932 வரை வெளியிட்டு வந்தது. 1919 இல் வீடு கட்டி விற்பதற்கென்றே துணைக் கம்பனியொன்றும் எழுந்தது. உலாவ வந்தோர் குடியேறினர். புகழப்பட்ட வயல்கள் வீட்டு வரிசைகளாயின. வள்ளலின் செல்வம் கொடுக்கக் கொடுக்கக் குறையாதெனப் புலவன் பாடலாம். வயல் அத்தகையதன்று. ஆற்றுப்படுத்துவோன் எத்துணைப் பேரை அனுப்பலாம் என்னும் வினா நம் இலக்கண நூலாருக்கு எழவில்லை. இவர்களுக்கு எழுந்திருத்தல் வேண்டும்.

எஞ்சிய வெளியைக் காக்க 1938 இல் பசும்வளையச் சட்டம் வந்தது. கோஃபர் தீட்டிய ஆக்ஸி வனத்தின் அருகே, இரண்டாம் உலகப் போரின் பின், இலண்டன் நகர மக்களுக்கெனப் பெரியதொரு குடியிருப்பு எழுந்தது. குண்டுவீச்சினால் இடிந்த நகரிலிருந்து வந்தோரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. வனம் இன்றும் இயற்கைக் காப்பிடமாக அவர்தம் வீடுகளுக்கு அயலில் நிற்கிறது. அதன் ஓவியம் இலண்டன் போக்குவரத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது.