காதும் சேர்ந்ததுதான் இயர்போன்

சுவிட்சர்லாந்தின் சூரிச் ஏரிக்கரையில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஸ்டேஃபா என்றோர் ஊர் இருக்கிறது. காது கேட்கும் கருவிகள் செய்யும் ஃபோனாக் நிறுவனத்தின் ஊர் அது. 1947இல் சூரிச்சில் தொடங்கிய அந்த நிறுவனம் இன்று சோனோவா என்னும் பெரிய குழுமத்தில் அடங்கியிருக்கிறது. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். கருவி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் காதில் சரியாக உட்காராவிட்டால், தாத்தா அதைக் கழற்றி மேசை மேல் வைத்துவிடுவார். அப்புறம் அது யாருக்கும் பயன்படாது.

இந்த அனுபவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, 2008ஆம் ஆண்டளவில் அவர்கள் பாட்டுக் கேட்பதற்கும் ஓர் இயர்போன் செய்தார்கள். ஆடேயோ பி.எஃப்.இ. என்று பெயர். அதன் வயர் காதின் மேல் ஏறிப் பின்பக்கமாக இறங்கும். காதுக்குள் போகும் முனைகள் பல அளவுகளில் வரும். ரப்பர் போன்ற சிலிகோனில் சில, ஸ்பாஞ்சில் சில. ஒலி வெளிவரும் வாயில் சாம்பல், கறுப்பு, பச்சை என்று நிறம் பிரித்த குட்டி வடிகட்டிகளை மாட்டலாம். ஒன்றைக் கழற்றி இன்னொன்றைப் போட்டால் அதே பாட்டின் சாயல் மாறும். சில ஆண்டுகளில் அதன் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். (பின்னர் 2022இல், ஜெர்மனியின் புகழ்பெற்ற சென்ஹைசர் நிறுவனத்தின் நுகர்வோர் ஹெட்போன் தொழிலையே சோனோவா வாங்கிக்கொண்டது.) ஆனாலும் அந்தச் சின்ன இயர்போனை எனக்கு மிகவும் பிடிக்கும். இயர்போனைப் பற்றி எந்த வரிசையில் யோசிக்க வேண்டுமோ அந்த வரிசையில் யோசித்திருந்தார்கள்: முதலில் பொருத்தம், பிறகுதான் ஒலி.

ஏன் பொருத்தம் முதலில் வருகிறது? சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வாயை விரலால் இறுக்கி மூடிக் கைப்பிடியை அழுத்தினால் விரல் மேல் காற்று முட்டும். விரலைக் கொஞ்சம் தளர்த்தி மெதுவாக அழுத்தினால் காற்று இடுக்கு வழியே நழுவிவிடும்; முட்டாது. அதே தளர்ந்த விரலோடு வேகமாக ஒரு குத்து குத்துங்கள். காற்று வெளியேற நேரம் போதாமல் கொஞ்சமாவது முட்டும்.

காதிலும் இதுதான் நடக்கிறது. செவிக்குழாய் பெரியவர்களுக்கு ஏறத்தாழ இரண்டரை செ.மீ. நீளம். இயர்போன் முனைக்கும் செவிப்பறைக்கும் நடுவே சிறிதளவு காற்று அடைபட்டிருக்கிறது. இயர்போனுக்குள் இருக்கும் தகடு அந்தக் காற்றை அமுக்கியும் விட்டும் ஒலியைத் தருகிறது. மிருதங்கத்தின் இடந்தலை எழுப்பும் ‘தொம்’ மெதுவான அதிர்வு; நொடிக்கு நூறு தடவை, அதற்கும் குறைவு. முனைக்கும் தோலுக்கும் இடையே மயிரிழை இடுக்கு இருந்தாலும் அது அந்த வழியாக நழுவிவிடும். ஜால்ராவின் ‘சிங்’ நொடிக்குப் பல ஆயிரம் தடவை அதிர்வது. அது நழுவ நேரமில்லை. அதனால்தான் சரியாகப் பொருந்தாத இயர்போனில் மிருதங்கம் காணாமல் போய், ஜால்ராவும் கஞ்சிராச் சலங்கையும் மட்டும் காதைக் குத்துகின்றன. “இதில் பேஸே இல்லை” என்று குறைசொல்லித் தூக்கி வீசப்படும் இயர்போன்களில் எத்தனையோ குற்றமற்றவை. தவறு முனையின் அளவில் இருந்திருக்கும்.

இதைச் சோதிப்பது எளிது. மிருதங்கமோ தவிலோ வரும் ஒரு பாட்டை மெல்லிய ஒலியில் வையுங்கள். இரண்டு இயர்போனையும் விரல் நுனியால் லேசாக உள்பக்கம் அழுத்துங்கள். ‘தொம்’ திடீரென்று பெருகினால், அதுவரை இடுக்கு இருந்தது என்று பொருள். ஒரு அளவு பெரிய முனையைப் போட்டுப் பாருங்கள். வலது காதுக்கும் இடது காதுக்கும் ஒரே அளவுதான் பொருந்தும் என்று நினைக்காதீர்கள். பலருக்கு இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை. செருகும்போது மற்றக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காதுமடலை மேலும் பின்னும் இழுத்தால் வளைந்த செவிக்குழாய் நேராகும். ஸ்பாஞ்ச் முனை என்றால் விரல்களால் உருட்டிச் சுருக்கிச் செருகி, அது விரியும்வரை பிடித்திருக்க வேண்டும்.

நன்றாகப் பொருந்தினால் இன்னொரு லாபம்: வெளிச்சத்தம் உள்ளே வருவது வெகுவாகக் குறையும். நல்ல முனைகள் 20 டெசிபலும் அதற்கு மேலும் தடுக்கும். 20 டெசிபல் குறைந்தால் நூறில் ஒரு பங்கு ஒலிச்சக்திதான் உள்ளே வருகிறது! பேட்டரி வேண்டாம், மின்சுற்று வேண்டாம், வெறும் ஸ்பாஞ்ச் போதும். ரயிலின் ‘உம்ம்ம்’ என்ற அடிச்சத்தம் மட்டும் கொஞ்சம் கடந்து வரும். மைக் வைத்து எதிர் அலை எழுப்பிச் சத்தத்தை அழிக்கும் கருவிகள் அந்த இடத்தில் கெட்டி.

காதை அடைத்தால் உள்ளே ஒரு புதுச் சத்தமும் பிறக்கும். இரு காதுகளையும் விரலால் மூடி ‘ம்ம்ம்’ என்று முனகுங்கள். உங்கள் குரல் தலைக்குள் முழங்குகிறதல்லவா? எலும்பு வழியே வரும் அதிர்வு எப்போதும் திறந்த காது வழியே வெளியேறிவிடும், இப்போது வழியில்லை. முறுக்கு தின்றுகொண்டு பாட்டுக் கேட்டால் முறுக்குதான் கேட்கும். சட்டையில் வயர் உரசுவதும் அப்படியே கேட்கும். ஸ்டேஃபாக்காரர்கள் வயரைக் காதின் மேல் ஏற்றிவிட்டதற்கு அதுவும் ஒரு நல்ல பலன்.

இனி ஒலியின் தரம். இங்கே நம்மை ஏமாற்றும் முதல் ஆள் சத்தம். இரண்டு இயர்போன்களில் எது கொஞ்சம் உரக்கப் பாடுகிறதோ அதுதான் நல்லது என்று மனம் உடனே தீர்ப்புச் சொல்லிவிடும். ஆகவே ஒரே பாட்டை, இரண்டிலும் ஒரே அளவு ஒலியில் வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். தம்புராவின் ரீங்காரம் பாட்டுக்கு அடியில் விடாமல் கேட்கிறதா, வயலினும் குரலும் ஒன்றையொன்று மறைக்காமல் இருக்கின்றனவா, பாடகர் ‘ச’, ‘ஸ’ சொல்லும்போது சீறுகிறதா என்று கவனியுங்கள்.

அந்தச் சீறலுக்குப் பின்னே ஓர் அழகான அறிவியல் இருக்கிறது. திறந்த செவிக்குழாய் நொடிக்கு 3,000 அதிர்வுகளை ஒட்டிய ஒலிகளைத் தானாகவே பெருக்கித் தருகிறது. பிறந்ததிலிருந்து நமக்கு அது பழக்கம். இயர்போனைச் செருகியதும் குழாயின் வாய் மூடி, அந்தப் பெருக்கம் போய்விடுகிறது. எனவே இயர்போன் செய்பவர்கள் அதைத் தாங்களே திரும்பச் சேர்க்கிறார்கள். உலோகத்தில் ஒரு போலிக் காது செய்து, அதில் செருகி அளந்து பார்க்கிறார்கள். மேலே சொன்ன வடிகட்டிகள் காற்றின் அசைவைத் தடுத்து, துருத்தும் ஒலிகளை அடக்குகின்றன. ஆனால் போலிக் காது ஒன்று. நம் காதுகளோ ஆளுக்கு ஒரு நீளம், ஆளுக்கு ஒரு வளைவு. அக்காவுக்குத் தேனாக இனிக்கும் இயர்போன் தம்பிக்குச் சீறுவது இதனால்தான். இரண்டு பேர் சொல்வதும் உண்மை.

சுகமாக இருக்கிறதா என்பதைக் கடையில் ஒரு நிமிடம் போட்டுப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. அரை மணி நேரமாவது அணிந்திருக்க வேண்டும். வலித்தால் முனை பெரிது, நழுவினால் சிறிது. நீங்கள் சிறுவர் என்றால், உங்கள் செவிக்குழாய் பெரியவர்களுடையதைவிட ஒடுங்கியது. அதனால் ஆகச் சிறிய முனையிலிருந்து தொடங்குங்கள். இன்னொருவரோடு மாற்றிப் போடாதீர்கள். முனைகளைக் கழுவி, நன்றாக உலர்த்தி மாட்டுங்கள். சுவிட்சர்லாந்தில் 3,454 மீட்டர் உயரத்திலுள்ள யுங்ஃபிரௌயோக் நிலையத்துக்கு மலைரயிலில் ஏறினால், வெளிக்காற்றின் அழுத்தம் குறையக் குறையக் காது அடைக்கும். அப்போது இயர்போனைக் கழற்றிவிடுவது நல்லது.

ஒவ்வொரு காதின் உள்ளேயும் ஒலியை உணரும் முடிச் செல்கள் சுமார் 15,000 இருக்கின்றன. மனிதருக்கு அவை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. சிறுவர்கள் 75 டெசிபலில் வாரம் 40 மணி நேரம்வரை கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒலி 3 டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகும்: 78இல் 20 மணி, 81இல் 10 மணி, 84இல் 5 மணிதான். சுவிட்சர்லாந்தில் இசை நிகழ்ச்சிகளுக்கே இப்படி ஒரு சட்டம் இருக்கிறது. ஒலி 93 டெசிபலைத் தாண்டும் நிகழ்ச்சியில் காதடைப்பான்களை இலவசமாகக் கொடுக்க வேண்டும். 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கென்றே நடத்தும் நிகழ்ச்சியில் அந்த 93ஐத் தாண்டவே கூடாது. எல்லா நாடுகளும் பார்த்துக் கற்க வேண்டிய சட்டம் இது.

பேருந்திலும் ரயிலிலும் நாம் ஒலியை ஏற்றுவது பாட்டுக்காக அல்ல, வெளி இரைச்சலை வெல்வதற்காக. வெளி இரைச்சலை ஸ்பாஞ்ச் முனையே தடுத்துவிட்டால் ஏற்ற வேண்டிய தேவையே இல்லை. ஆனால் அதே முனை டிராம் வரும் ஓசையையும் தடுத்துவிடும். ஆகவே தெருவில் இறங்கும் முன் கழற்றிப் பையில் போடுங்கள். வீட்டிலோ ரயிலிலோ பாட்டுச் சரியாகக் கேட்கவில்லை என்று தோன்றினால், ஒலியை ஏற்றும் முன் முனையை மாற்றிப் பாருங்கள்.