ஷேர்ஷாஹ் சூரியும் பெருவழிகளும்

வங்கத்தையும் சிந்து நதியையும் இணைக்கும் பெருஞ்சாலையை ஷேர்ஷாஹ் சூரியே போட்டார் என்று நம்மவர் மேடைகளில் பெருமிதத்துடன் கூறக் கேட்கிறோம். அதில் பாதியே உண்மை. பாடலிபுத்திரத்துக்கும் வடமேற்குக்கும் இடையே அரசப் பெருவழி ஒன்று மௌரியர் காலத்திலேயே இருந்ததை மெகஸ்தனிஸின் குறிப்புகளால் அறிகிறோம். ஷேர்ஷாஹ் டில்லியை ஆண்டதோ 1540 முதல் 1545 வரை ஐந்தே ஆண்டுகள். அவற்றிலும் பெரும்பகுதி போர்க்களங்களில் கழிந்தது. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட சாலையைப் புதிதாக அமைக்க அக்காலம் போதாது.

பழைய வழிகளைச் செப்பனிட்டு, அவற்றுக்கு ஒரு நிர்வாகத்தை ஏற்படுத்தியதே அவருடைய அரும்பணி என்பது நம் கருத்து. அக்பரின் ஆணைப்படி அப்பாஸ் கான் ஸர்வானி எழுதிய பாரசீக வரலாறு இதனை விரித்துரைக்கிறது. சோனார்காவ் முதல் சிந்துவரை ஒன்று. ஆக்ராவிலிருந்து புர்ஹான்பூருக்கு ஒன்று. ஆக்ராவிலிருந்து ஜோத்பூர், சித்தூர் நோக்கி ஒன்று. லாஹூரிலிருந்து முல்தானுக்கு ஒன்று என நான்கு வழிகள். இரண்டு கோஸ் தொலைவுக்கு, அதாவது ஏறத்தாழ ஆறு கிலோமீட்டருக்கு, ஒரு ஸராய். அதன் நடுவே கிணறும் பள்ளிவாசலும்; வாயிலில் குடிநீர்க் குடங்கள். முஸ்லிம்களுக்கும் ஹிந்துக்களுக்கும் தனித்தனித் தங்குமிடங்கள். ஹிந்துக்களுக்கு உணவும் நீரும் படுக்கையும் அளிக்கப் பிராமணர்கள் அமர்த்தப்பட்டனர். செய்தி கொண்டு செல்ல ஸராய்தோறும் இரு குதிரைகள் நின்றன.

இமாம், முஅத்தின், காவலர் ஆகியோரின் ஊதியம் அருகிலிருந்த நிலத்தின் வருவாயிலிருந்தே வந்தது. வக்ஃபு நிலத்தை நம்பி மத்ரஸா நடத்துவோருக்கு இவ்வேற்பாட்டின் அருமை விளங்கும்! கட்டடத்தை எழுப்பிவிடலாம், அதற்கு ஆண்டுதோறும் சோறு போடுவதன்றோ கடினம்?

ஸராய்கள் 1,700 என்கிறார் ஸர்வானி. இந்நான்கு வழிகளின் நீளத்தைக் கணக்கிட்டால் அத்தனைக்கும் இடமில்லை. ஷேர்ஷாஹைப் போலவே ஆப்கானியரான அவர் சற்று மிகைப்படுத்தியிருக்கலாம்.

பாதுகாப்பு முறையோ மிகக் கடுமையானது. வழியில் களவு நேர்ந்தால் அவ்வெல்லைக்குட்பட்ட ஊர்த்தலைவர் கள்வனைப் பிடித்துத் தரவேண்டும். இயலாவிடில் இழப்பைத் தாமே ஈடுசெய்ய வேண்டும். கொலையாளியை ஒப்படைக்காவிடில் தலைவருக்கே மரண தண்டனை. ஒருவர் சுமையை மற்றொருவர் சுமப்பதில்லை என்ற ஷரீஅத் நெறிக்கு இது எவ்வாறு பொருந்தும் என்பது நம்மை உறுத்தும் வினா. எனினும் வணிகர் அச்சமின்றிப் பயணம் செய்தனர் என்றே வரலாறு கூறுகிறது. சுங்கமும் நாட்டின் எல்லையிலும் விற்பனை நடக்கும் இடத்திலும் மட்டுமே பெறப்பட்டது.

2010-இல் தேசிய நெடுஞ்சாலைகளின் எண்கள் மாற்றப்பட்டபோது இப்பெருவழி பல எண்களுக்குள் சிதறியது. ஆக்ராவிலிருந்து கிழக்கே செல்வது 19. டில்லிக்கு வடக்கே பானிப்பட், அம்பாலா வழியாகச் செல்லும் பகுதி 44. அந்த 44-இன் தென்முனை நம் கன்னியாகுமரி.