துளையின் அருகே எழுதிய குறிப்பு

கொள்ளேகால் 1956 நவம்பர் 1 வரையில் கோயம்புத்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்த ஊர்; இன்று சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கிறது. பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற அவ்வூர் நேயர்களுக்குத் துளையைப் படித்தல் புதிதன்று. ஜக்கார்டு தறியின் அட்டையில் துளையுள்ள இடத்தில் ஊசி புகும், பாவு நூல் உயரும். துளையில்லாத இடத்தில் உயராது. ஒரு துளை தவறினால் கரைப்பூ ஒவ்வொரு சுற்றிலும் தவறும்.

அத்தகைய ஊரிலிருந்து பெங்களூர்த் தொழிற்சாலைக்குச் செல்லும் இளைஞர் யந்திர வரைபடத்தில் வேறு வகைத் துளையைக் காண்கிறார். மேஸ்திரி கன்னடத்தில் பேசுவார், பக்கத்துத் தொழிலாளி ஹிந்தியில் பேசுவார். வரைபடத்தின் குறியோ எல்லோருக்கும் ஒன்றே. ஆயினும் அதற்கும் ஓர் இலக்கணம் உண்டு.

முதலில் 4 என்ற எண்ணும் பெருக்கற்குறியும் இருந்தால், அவ்விதத் துளைகள் நான்கு என்பது பொருள். அடுத்து, சாய்கோடு குறுக்கிட்ட வட்டம் விட்டத்தைக் குறிக்கும். அதன்பின் 9 என்றிருந்தால் விட்டம் 9 மில்லிமீட்டர். அதன் கீழ்ச் சதுரப் பள்ளம் போன்ற குறியும் 15 என்ற விட்டமும் வந்தால், துளையின் வாயை அந்த அளவுக்குத் தட்டையான அடியுடன் அகலப்படுத்த வேண்டும்; போல்ட்டின் தலை அதற்குள் அமரும். பட்டறையில் இதனைக் கவுண்டர்போர் என்பர். சரிவான வாய்க்குரிய குறி வேறு; இரண்டையும் மாற்றிக்கொண்டால் போல்ட் சரியாக அமராது.

‘எம் 8’ என்பது மறையிட்ட துளை. 8 என்பது மறையின் வெளி விட்டம், டிரில்லின் அளவன்று. சாதாரண மறையின் இடைவெளி 1.25 ஆதலால், 6.8 மில்லிமீட்டர் டிரில்லால் துளையிட்ட பின்னரே டேப் போடுவர்.

இனி ஆழம். தலைமீது கோடிட்ட கீழ்நோக்கிய அம்பு அதன் குறி. ஒரு பயிற்சிக் கையேட்டைத் தமிழாக்கியபோது, ‘ஆழம் 20’ என்று எழுதிவிட்டுக் கடந்து சென்றோம். கையெழுத்துப் படியைப் பார்த்த பட்டறை ஆசிரியர், “எதுவரை ஐயா? டிரில்லின் கூர்முனை வரையா, முழு விட்டம் முடியும் இடம் வரையா?” என்று கேட்டார். நமக்கு விடை தெரியவில்லை; வெட்கமாயிருந்தது.

முழு விட்டம் முடியும் இடம் வரை என்பதே பொது வழக்கு. கூர்முனையின் கூம்பு அதற்கும் அப்பால் செல்லும். 118 பாகைக் கூர்முனையுள்ள 10 மில்லிமீட்டர் டிரில்லில் அக்கூம்பு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். எனவே, 20 என்று எழுதியிருக்கும் துளையின் நுனி 23-ஐ எட்டும். வார்ப்பின் சுவர் 22 தான் என்றால், முனை மறுபுறம் வெளிப்பட்டுவிடும்; அப்பால் எண்ணெய் அறை இருப்பின் அந்த வார்ப்பு வீண். மாறாக, முனைவரை 20 என்று நிறுத்தினாலோ, மறைக்கு வேண்டிய இடம் குறைந்துவிடும்.

கையேட்டின் அடுத்த படியில் ‘முழு விட்டத்தின் ஆழம் 20’ என்று திருத்தினோம். அதனருகே கூம்பைத் தனியே காட்டும் ஒரு சிறு வெட்டுப் படத்தையும் சேர்க்கும்படி ஆசிரியர் வற்புறுத்தினார், சேர்த்தோம்.