கப்பல் காத்திராது

கப்பலேறுவது என்றால் ஒரு காலத்தில் ஓர் ஊருக்குப் போய்ச் சேர்வதற்காகத்தான். மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்ற நம்மவர்கள் கொழும்புத் துறைமுகத்தில் ஏறி, ஏடனையும் சூயஸ் கால்வாயையும் கடந்து, வாரக் கணக்கிற் கடலிற் கழித்தே அக்கரை கண்டனர். ஆகாய விமானம் வந்தபின் அந்த வழக்கம் மறைந்தது. ஆனால் கப்பல் மறையவில்லை. கடலில் இருப்பதையும் வழியிலுள்ள துறைமுகங்களைப் பார்ப்பதையுமே நோக்கமாகக் கொண்டு, இன்று உலகெங்கும் ஆண்டுக்கு மூன்று கோடிக்கு மேற்பட்டோர் உல்லாசக் கப்பல்களில் ஏறுகின்றனர். 2024ஆம் ஆண்டு ஜனவரியில் தன் முதற் பயணத்தைத் தொடங்கிய 'ஐக்கன் ஒஃப் த சீஸ்' என்னும் கப்பல் ஒன்றே 7,600 பிரயாணிகள் வரை ஏற்றவல்லது. ஒரு சிறு பட்டினம் மிதந்து செல்கிறது எனலாம்.

லண்டனிலும் ரொறன்ரோவிலும் குடியேறிய பிள்ளைகள், ஊரிலிருந்து வரும் பெற்றோரை இத்தகைய பயணங்களுக்கு அழைத்துச் செல்வதை இப்பொழுது நம் குடும்பங்களிலும் காண்கிறோம். "அம்மா, அப்பா, வெளிக்கிடுங்கோ, மத்தியதரைக் கடலில் ஏழு நாள்" என்று செய்தி வந்ததும், எந்தச் சேலையை எடுத்துச் செல்வது என்ற யோசனைதான் வீட்டில் முதலிற் பிறக்கும். அதற்கு நாள் இருக்கிறது. முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது கடவுச்சீட்டை.

பயணம் முடியும் நாளிலிருந்து மேலும் ஆறு மாதங்களுக்கேனும் கடவுச்சீட்டு செல்லுபடியாக வேண்டும் என்பது பல நாடுகளினதும் கப்பற் கம்பனிகளினதும் விதி. இது பலர் அறிந்ததே. அறியாதது விசா விடயம். விமானத்திற் செல்வோன் ஒரு நாட்டுக்கு விசா எடுத்தாற் போதும். கப்பலிற் செல்வோனோ ஒரே வாரத்தில் மூன்று நான்கு நாடுகளின் வாசலைத் தொடுகிறான். உதாரணமாக, கிரேக்க நாட்டின் பிரேயஸ் துறைமுகத்தில் ஏறி, துருக்கியின் குஷாதாசியில் இறங்கி, எபேசு நகரத்தின் பழைய இடிபாடுகளைப் பார்த்துவிட்டு, மறுபடி கிரேக்கத் தீவுகளுக்குத் திரும்பும் பயணம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கிரேக்கம் ஷெங்கன் வட்டத்துள் இருக்கிறது. துருக்கி அதற்கு வெளியே இருக்கிறது. ஒருமுறை மாத்திரம் நுழைய அனுமதிக்கும் ஷெங்கன் விசாவுடன் புறப்பட்டவருக்கு, கப்பல் துருக்கியைத் தொட்டதும் அந்த விசா தீர்ந்துபோகும். இலங்கைக் கடவுச்சீட்டு உடையவர்கள் பன்முறை நுழைவு விசாவையே கேட்டு வாங்க வேண்டும். துருக்கியின் விதியைத் தனியாக விசாரிக்க வேண்டும்.

அலாஸ்காப் பயணத்தில் இதைவிட நூதனமான சிக்கல் ஒன்று உண்டு. அமெரிக்காவின் சியாட்டிலில் ஏறிச் சியாட்டிலிலேயே இறங்கும் கப்பல், பார்வைக்கு அமெரிக்காவை விட்டு எங்கும் போகாதது போலத் தோன்றும். ஆயினும் வெளிநாட்டிற் பதிவான கப்பல், வேற்று நாட்டுத் துறைமுகம் ஒன்றையேனும் தொடாமல் அமெரிக்கப் பயணத்தை முடித்தலாகாது என 1886ஆம் ஆண்டிற் பிறந்த சட்டம் ஒன்று இன்றும் நிலைத்திருக்கிறது. பெரும்பாலான உல்லாசக் கப்பல்கள் பஹாமாஸ், பனாமா போன்ற நாடுகளிற் பதிவானவை. ஆகவே அவை கனடாவின் விக்டோரியா போன்ற துறைமுகம் ஒன்றில் சில மணி நேரமேனும் தரித்தே திரும்பும். அமெரிக்க விசா கையிலிருக்க, கனேடிய விசா இல்லாமையால் சியாட்டில் துறைமுகத்திலேயே ஒரு குடும்பம் நிறுத்தப்படக்கூடும். "நாங்கள் அங்கே இறங்க மாட்டோம், கப்பலிலேயே இருந்துவிடுகிறோம்" என்ற சமாதானம் பெரும்பாலும் எடுபடாது. உரிய பத்திரங்களைத் தேடிக்கொள்வது பிரயாணியின் பொறுப்பு எனப் பயணச்சீட்டின் நிபந்தனைகளில் எழுதப்பட்டிருக்கும். செலுத்திய பணமும் திரும்பி வராது. பல வருடச் சேமிப்பை ஒரே நாளில், அதுவும் கப்பலைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டு, இழப்பதைவிடப் பெரிய வேதனை வேறென்ன? முற்பணம் செலுத்துமுன் துறைமுகங்களின் பட்டியலை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே நாட்டையும் விசா நிலையையும் குறித்துக்கொள்ளும்படி நாம் வற்புறுத்துவது இதனாலேயே. மாணவர்கள் உள்ள வீட்டில் அவ்வேலையை அவர்களிடம் விடலாம். பூகோள பாடமும் ஒருங்கே நடந்தேறும்.

அந்தப் பட்டியலை எழுதும்போதே இன்னொன்றும் தெரியவரும். விளம்பரத்தில் 'ரோம்' என்று போட்டிருந்தாலும் கப்பல் ரோமுக்குப் போவதில்லை. அது நிற்பது சிவிற்றவெக்கியாவில். அங்கிருந்து ரோம் நகர் ஏறத்தாழ 70 கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிறது. 'புளோரன்ஸ்' என்பது லிவோர்னோத் துறைமுகம். 'பாரிஸ்' என்பது லெ ஹாவர், அங்கிருந்து பாரிஸ் ஏறத்தாழ 200 கிலோமீற்றர். கிழக்கே 'பாங்கொக்' என்று சொல்லி லேம் சபாங்கில் இறக்குவார்கள். நகருக்குச் செல்ல இரண்டு மணி நேரம் வேண்டும். காலை எட்டு மணிக்கு இறங்கி மாலை ஐந்துக்குள் திரும்ப வேண்டிய இடத்தில், போக்குவரத்துக்கே நாலைந்து மணி நேரம் செலவாகுமானால் பார்க்க மிஞ்சுவது சொற்பமே. எமது அபிப்பிராயத்தில் முதன்முறை செல்வோர், துறைமுகத்தை ஒட்டியே பார்க்கத்தக்க இடங்கள் உள்ள பாதையைத் தேர்வது சிலாக்கியம். நேப்பிள்ஸ், மால்ற்றாவின் வலெற்றா, பார்சிலோனா ஆகியவை அவ்வகையின.

முதியோருடன் செல்வோர் மேலும் ஒன்றை விசாரிக்க வேண்டும். சில இடங்களிற் கப்பல் கரையை அணுகுவதில்லை. சிறு படகுகளில் மாற்றிக் கொண்டுபோய் விடுவர். சந்தோரினித் தீவு அத்தகையது. படகை விட்டிறங்கினால் தலைக்கு மேலே செங்குத்தான மலை. ஏறத்தாழ 600 படிகள்; அல்லது கம்பியிற் செல்லும் கூண்டுவண்டி; அதற்கோ நீண்ட வரிசை. முழங்கால் நோவுடைய பாட்டியாருக்கு அன்று கப்பலின் மேற்றளத்தில் அமர்ந்து தீவைப் பார்ப்பதே சுகமாயிருக்கும்.

இனிப் பணம். விளம்பரத்திற் கொட்டை எழுத்திற் காணும் கட்டணம், இருவர் ஓர் அறையைப் பகிர்ந்துகொள்ளும்போது ஒருவருக்கு ஆகும் தொகை. தனியே செல்பவர் சில வேளைகளில் இருவருக்குரிய கட்டணத்தையே செலுத்த நேரும். துறைமுக வரி வேறு. பணியாளருக்கான அன்பளிப்புத் தொகை எனப் பல அமெரிக்கக் கம்பனிகள் ஆளொன்றுக்கு நாளொன்றுக்குச் சுமார் 16 முதல் 20 டொலர் வரை கணக்கில் எழுதிவிடும். நால்வர் கொண்ட குடும்பம் ஏழு இரவு சென்றால் அதுவே 448 முதல் 560 டொலர். அன்பளிப்பு என்ற சொல்லுக்கு நம் அகராதியிலுள்ள பொருள் வேறு, அது கிடக்கட்டும். பிரதான போசனசாலையிலும் பொது உணவு மண்டபத்திலும் சாப்பாடு கட்டணத்துள் அடங்கும். போத்தற் பானங்கள், விசேட உணவகங்கள், இணையத் தொடர்பு, கரையிற் சுற்றிக்காட்டும் பஸ், மருத்துவர் ஆகிய யாவற்றுக்கும் தனிக் கணக்கு. கைத்தொலைபேசியைக் கடலிற் கவனியாது விட்டால் கப்பலின் வான்வழித் தொடர்பைப் பிடித்துக்கொண்டு பெருந்தொகை ஏற்றிவிடும். கரை மறையுமுன் அதை விமான நிலையில் வைத்துவிடுவது நல்லது.

அறை விடயத்தில் அதிகம் மயங்க வேண்டியதில்லை. சாளரமற்ற உள்ளறை மலிவானது, நித்திரைக்குப் போதும். கடலைப் பார்க்கும் மாடத்துடன் கூடிய அறை அழகானது, விலை கூடியது. தலைச்சுற்று வரும் இயல்புடையோர், எவ்வகை அறையாயினும் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளங்களில் உள்ளதைக் கேட்க வேண்டும். தராசின் முள்ளைப் போல நடு குறைவாகவும் நுனிகள் அதிகமாகவும் அசையும். கடற் பிணிக்கான மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு முன்னரே வாங்கிக்கொள்ளலாம். வாந்தி தொடங்கிய பின் விழுங்குவதால் அதிகப் பயனில்லை. அடிவானத்தைப் பார்த்துக்கொண்டு வெளிக்காற்றில் நிற்பதும், சிறிது இஞ்சி மெல்லுவதும் பலருக்கு உதவும்.

கருவுற்று 24 வாரங்களை எட்டும் தாய்மாரைப் பெரும்பாலான கம்பனிகள் ஏற்பதில்லை. ஆறு மாதத்திற்குக் குறைந்த குழந்தைகளையும் அப்படியே. நீரிழிவு, இரத்த அழுத்தம் உள்ளோர் பயண நாட்களுக்கு வேண்டியதைவிட ஒரு வாரத்து மருந்து கூடுதலாக எடுத்து, அதைக் கைப்பையிலேயே வைத்திருக்க வேண்டும். துறைமுகத்தில் ஒப்படைத்த பெட்டி அறைவாசலுக்கு வந்து சேர அந்தி சாய்ந்துவிடலாம். கப்பலில் மருத்துவர் உண்டு, சிறு மருத்துவமனையும் உண்டு; எனினும் பாரதூரமான நோயாயின் அடுத்த துறைமுகத்தில் இறக்கவோ ஹெலிகொப்டரில் ஏற்றவோ நேரும். அதற்காகும் செலவு ஒரு குடும்பத்தை முறித்துவிடும். அத்தகைய இடமாற்றத்தையும் உள்ளடக்கிய பிரயாணக் காப்புறுதி இன்றிப் பெற்றோரைக் கப்பலேற்றுவதை நாம் ஒப்பமாட்டோம்.

சாப்பாட்டைப் பற்றி நம் தாய்மாருக்கு ஒரு சொல். ரைஸ் குக்கரைப் பெட்டியில் வைக்க வேண்டாம். சூடேற்றும் கருவிகளும் இஸ்திரிப் பெட்டியும் தீ அபாயம் கருதித் தடை செய்யப்பட்டவை. சோதனையிற் பிடித்து வைத்துக்கொண்டு இறுதி நாளில்தான் தருவார்கள். வீட்டிற் சமைத்ததையும் பல கம்பனிகள் அனுமதிப்பதில்லை. சைவ போசனம் வேண்டுவோர் பதிவு செய்யும்போதே எழுதிக் கொடுத்து, ஏறிய மாலையே போசனசாலைத் தலைவரைக் கண்டு ஞாபகப்படுத்தினால், மறுநாளிலிருந்து பருப்பும் சோறும் கிடைப்பதுமுண்டு. உண்ணுமுன் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக. கப்பல்களிற் பரவும் நோரோ வைரஸ் என்னும் வயிற்றுநோய்க் கிருமிக்கு, வாசலில் வைத்திருக்கும் கைத்திரவத்தை விடச் சவர்க்காரமும் தண்ணீருமே வலியவை.

புறப்படும் நாளன்றே விமானத்தில் வந்திறங்கிக் கப்பலைப் பிடிக்கலாம் என எண்ணுவது பெரும் துணிச்சல். பிரயாணிகளின் பெயர்ப்பட்டியல் கப்பல் நகர்வதற்கு ஒரு மணி நேரம் அல்லது ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே மூடப்படும். அதன்பின் யார் வந்தாலும் இடமில்லை. முதல் நாளே போய் அந்நகரில் ஓர் இரவு தங்குவது செலவானாலும் வீணன்று.

ஏறியவுடன் அவசரகால ஒத்திகைக்கு அழைப்பார்கள். இப்பொழுது அதன் ஒரு பகுதியைத் தொலைபேசியிற் படமாகப் பார்க்க வைத்து, பின் குறிப்பிட்ட இடத்துக்கு வந்து முகம் காட்டச் சொல்லும் வழக்கமும் உண்டு. இதனைத் தொல்லையாக நினைப்போர், 2012ஆம் ஆண்டு ஜனவரி 13ஆந் திகதி இத்தாலியின் ஜிலியோத் தீவருகே பாறையில் மோதிச் சரிந்த 'கோஸ்ற்றா கொன்கோர்டியா'வை நினைத்துப் பார்க்க வேண்டும். அதில் 32 பேர் மாண்டனர். அன்று மாலை சிவிற்றவெக்கியாவில் ஏறிய ஏறத்தாழ 700 பேருக்கு ஒத்திகை இன்னும் நடந்திருக்கவில்லை; 24 மணி நேரத்துள் நடத்தினாற் போதும் என்பது அக்கால விதி. அவ்விபத்தின் பின்னர் விதி மாற்றப்பட்டு, 2015 முதல் கப்பல் புறப்படுமுன் அல்லது புறப்பட்ட உடனேயே அதை நடத்த வேண்டும் என்றாயிற்று. ஏழு குறு ஊதல்களும் ஒரு நெடு ஊதலும் கேட்டால் எங்கே போய் நிற்க வேண்டும் என்பதைக் குழந்தைகளுக்கும் சொல்லிக் கொடுத்து, அந்த இடத்துக்கு ஒருமுறை நடத்திக் கூட்டிச் சென்றும் காட்ட வேண்டும்.

துறைமுகத்தில் இறங்கியவர்கள் திரும்பி வரவேண்டிய நேரம், கப்பல் புறப்படும் நேரத்துக்கு அரை மணி முதல் ஒரு மணி வரை முந்தியது. அது கப்பலின் கடிகாரப்படி. கரையின் கடிகாரம் வேறாயிருக்கலாம். தொலைபேசி தானாகவே கரையின் நேரத்துக்கு மாறிக்கொள்வதால், பழைய கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக் கட்டிக்கொள்வதே உத்தமம். 2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் மேற்கு ஆபிரிக்காவை அடுத்த சாவோ தோமே தீவில், தனியார் சுற்றுலா ஒன்றிற் சென்ற எட்டுப் பேர் நேரந் தவறித் திரும்பினர். 'நோர்வீஜியன் டோன்' கப்பல் அவர்களை ஏற்றாமலே சென்றது. அவர்கள் பல நாடுகள் வழியாக விமானமேறி காம்பியாவுக்கு ஓடினர். அங்கே நீர் வற்றியிருந்தமையாற் கப்பல் கரை அணையவில்லை. பின்னர் தரைவழியே செனகலின் டாக்கர் நகரம் வரை சென்றே அதனைப் பிடிக்க முடிந்தது. கப்பற் கம்பனியே நடத்தும் சுற்றுலாவிற் சென்றவர்கள் தாமதித்தால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும், அல்லது அவர்களை அடுத்த துறைமுகம் சேர்ப்பது கம்பனியின் பொறுப்பாகும். கட்டணம் கூடியதாயினும், தூர இடங்களுக்கு அதுவே பாதுகாப்பு. கிட்டிய இடங்களுக்குத் தாமாகவே நடந்து செல்லலாம். கடவுச்சீட்டின் பிரதியும், துறைமுகத்தில் உள்ள கப்பல் முகவரின் தொலைபேசி எண்ணும் சட்டைப் பையில் இருக்கட்டும். அந்த எண் நாள்தோறும் தரப்படும் நிகழ்ச்சித் தாளில் அச்சாகியிருக்கும்.

இத்தனையும் சரியாயிருந்தும், காற்றுக் கடுமையானால் கப்டன் ஒரு துறைமுகத்தைத் தவிர்த்துவிட்டுப் போகலாம். அதற்கு அவருக்கு உரிமை உண்டு. துறைமுக வரி தவிர வேறு பணம் பெரும்பாலும் திரும்பாது. கரீபியன் பக்கம் ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலம் என்பதைக் கட்டணம் குறைந்திருக்கும்போது நினைவிற் கொள்ளலாம்.

கடைசி இரவு பெட்டிகளைக் கட்டி அறைவாசலில் வைக்கச் சொல்வார்கள். நள்ளிரவுக்குள் அவற்றை எடுத்துச் சென்று, காலையிற் கரையிலுள்ள மண்டபத்தில் அடுக்கி வைப்பர். எல்லாவற்றையும் ஒழுங்காகக் கட்டி முடித்த திருப்தியில் மறுநாள் உடுக்க வேண்டியதையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டால், சுங்கப் பகுதியில் இரவு உடையுடன் நிற்க நேரிடும். ஒரு மாற்றுடை, பாதணி, மருந்து, கடவுச்சீட்டு ஆகியவை கையிலே இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கானோர் ஒரே வாசலால் இறங்குவதால், வீடு திரும்பும் விமானத்தை நண்பகலுக்குப் பிந்தியதாகவே பதிவு செய்க.