பட்டினி மருந்தாகுமா? குழாய்வழி உணவும் சிரைவழி ஊட்டமும் குறித்து ஆய்வுகள் கூறுவன

‘லங்கணம் பரம ஔஷதம்’ என்னும் முதுமொழி திருவரங்கத்து இல்லங்களில் இன்றும் ஒலிக்கின்றது. ஏகாதசியன்று உபவாசம் இருப்போர் பலர் இத்தீவில் உள்ளனர். அதே அரங்கன் கோயிலுக்குள் மருத்துவத்தின் தெய்வமாகிய தன்வந்திரிக்கும் ஒரு சந்நிதி உண்டு. அங்கிருந்த ஆரோக்கியசாலை சிதைவுற்றபின் புதுப்பிக்கப்பட்ட செய்தியைச் சக ஆண்டு 1415, அதாவது 1493-ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டு தெரிவிக்கின்றது. உபவாசமும் மருத்துவமும் ஒரே மதிலுக்குள் நெடுங்காலம் வாழ்ந்துள்ளன.

நலமுள்ள உடல் ஒரு நாள் உணவின்றி இருப்பதால் தீங்கில்லை. வயிற்று நோயால் ஏற்கெனவே மெலிந்தவர் பல நாட்கள் உணவின்றிக் கிடப்பது வேறு. திருச்சிராப்பள்ளியிலும் அதனைச் சூழ்ந்த இலால்குடி, முசிறி, மணப்பாறை முதலிய ஊர்களிலுமிருந்து வரும் குடும்பத்தினர் எங்களிடம் அடிக்கடி எழுப்பும் வினாக்கள் இரண்டு. ‘குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கிறதே, அதுவே போதாதா?’ என்பது ஒன்று. ‘மூக்கில் குழாய் போடுவதென்றால் நிலைமை கைமீறிவிட்டதா?’ என்பது மற்றொன்று. இவ்விரு வினாக்களுக்கும் கடந்த அறுபது ஆண்டுக்கால ஆய்வுகள் விடை தந்துள்ளன. அவற்றை இங்கே எளிமையாகத் தொகுத்துரைக்க விழைகின்றோம்.

குளுக்கோஸ் பாட்டில் உணவாகாது

5 சதவீதக் குளுக்கோஸ் நீர் ஒரு லிட்டரில் இருப்பது 50 கிராம் சர்க்கரை மட்டுமே. அதனால் கிடைக்கும் ஆற்றல் 200 கலோரிக்கும் குறைவு. நோயுற்ற ஒருவருக்கு உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 முதல் 30 கலோரி தேவை. ஆகவே 60 கிலோ எடையுள்ளவருக்கு 1,500 முதல் 1,800 கலோரி வேண்டும். குளுக்கோஸ் நீரைக் கொண்டே அதனை ஈடுசெய்ய நாளொன்றுக்கு எட்டு லிட்டருக்கு மேல் ஏற்ற வேண்டும். அவ்வளவு நீரை இதயமோ நுரையீரலோ தாங்காது. மேலும், அந்நீரில் புரதம் துளியும் இல்லை. நோயாளிக்கோ நாளொன்றுக்கு 70 முதல் 90 கிராம் வரை புரதம் தேவைப்படலாம்.

புரதம் வெளியிலிருந்து வராதபோது உடல் தன் தசையையே கரைத்துப் பயன்படுத்துகின்றது. கை கால் தசைகளோடு, மூச்சுவிட உதவும் தசைகளும் மெலிகின்றன. அறுவைப் புண் ஆறத் தாமதமாகின்றது. கிருமித்தொற்று எளிதில் பற்றுகின்றது. டிரிப்ஸ் என்பது நீர்வறட்சியைப் போக்கவும் மருந்து செலுத்தவும் உதவும் வழியேயன்றி உணவன்று.

இரத்தக்குழாய் வழியே முழு உணவு

மாவுச்சத்து, புரதக்கூறுகள், கொழுப்பு, உப்புகள், வைட்டமின்கள் அனைத்தையும் இரத்தத்திலேயே கலந்துவிட இயலுமா என்னும் வினாவுக்கு 1960-களில் விடை கிடைத்தது. அடர்த்தி மிகுந்த ஊட்டக் கரைசல் கையிலுள்ள சிறிய சிரையைப் புண்ணாக்கிவிடும். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி டட்ரிக்கும் அவருடைய குழுவினரும் இதயத்துக்கு அருகிலுள்ள பெரிய சிரைக்குள் குழாயைச் செலுத்தினர். அங்கே இரத்தம் விரைந்து பாய்வதால் கரைசல் உடனே நீர்த்துப்போகின்றது. முதலில் பீகிள் இன நாய்க்குட்டிகள் இம்முறையில் மட்டுமே ஊட்டம் பெற்று இயல்பாக வளர்ந்தன. பின்னர், சிறுகுடல் பயன்படாத நிலையில் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு அதே முறை கையாளப்பட்டது. அக்குழந்தையும் எடை கூடி வளர்ந்தது. 1968-இல் இச்செய்தி மருத்துவ உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதே பத்தாண்டில் சுவீடனைச் சேர்ந்த ஆர்விட் ரெட்லிண்ட், சிரைவழி பாதுகாப்பாகச் செலுத்தத்தக்க கொழுப்புக் கரைசலை உருவாக்கினார்.

இன்று ‘டி.பி.என்.’ என்று வார்டுகளில் அழைக்கப்படுவது இதுவே. குடலின் பெரும்பகுதியை இழந்தோருக்கும், குடல் அடைப்பு நீங்காதோருக்கும் இது உயிர் காக்கும் வழி. எனினும், குழாய் வழியாகக் கிருமி இரத்தத்துக்குள் புகுதல், சர்க்கரை உயர்தல், நெடுநாள் தொடர்ந்தால் கல்லீரல் பாதிப்புறுதல் ஆகிய இடர்கள் இதற்கு உண்டு. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில், அறுவை சிகிச்சைக்கு வந்த 395 பேரிடம் நடைபெற்ற ஆய்வு 1991-இல் வெளியாயிற்று. மிகக் கடுமையாக மெலிந்திருந்தோருக்கு மட்டுமே சிரைவழி ஊட்டம் பயன் தந்தது. மற்றவர்களுக்குத் தொற்றே மிகுந்தது. அதன்பின், ‘யாருக்கு, எப்போது’ என்று ஆராய்ந்தபின்னரே டி.பி.என். தொடங்கப்படுகின்றது.

கணையத்துக்கு ஓய்வு வேண்டுமா?

பித்தக் கற்களாலும் மதுவினாலும் பெரும்பாலும் தோன்றும் கடுமையான கணைய அழற்சியில், உணவு கணையத்தைத் தூண்டி நோயை முற்றச் செய்யும் என்று மருத்துவர்களே நெடுங்காலம் கருதினர். வாய்க்கும் வயிற்றுக்கும் முழு ஓய்வு, சிரைவழி ஊட்டம் என்பதே அன்றைய நெறி. 1997-இல் கிரேக்க நாட்டில் 38 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு அக்கருத்தை அசைத்தது. சிறுகுடலுக்குள் குழாய்வழி உணவு பெற்றோருக்குத் தொற்றும் பிற சிக்கல்களும் குறைவாக இருந்தன. உணவு படாத குடலின் உட்சுவர் மெலிகின்றது. அதன் காவல் தளர்ந்தால் குடற்கிருமிகள் உட்புகுந்து, அழுகிய கணையத் திசுவைப் பற்றக்கூடும் என்பது இதற்கு ஆய்வாளர் தரும் விளக்கம்.

அடுத்து எழுந்த வினா நம் நாட்டுக்கு மிக நெருக்கமானது. குழாயின் முனை சிறுகுடல் வரை செல்லத்தான் வேண்டுமா? இரைப்பையில் நின்றால் போதாதா? சிறுகுடல் வரை செலுத்துவதற்குப் பெரும்பாலும் எண்டோஸ்கோப்பி அல்லது எக்ஸ்-ரே துணை வேண்டும். இரைப்பைக்குள் செல்லும் ‘ரைல்ஸ் டியூப்’பையோ கட்டிலருகிலேயே செவிலியர் பொருத்திவிடலாம், செலவும் குறைவு. கிளாஸ்கோ நகர ஆய்வாளர்கள் 2005-இலும், புது தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தினர் 2006-இலும் இதற்கு விடை தேடினர். தில்லி ஆய்வில் 31 பேர் பங்கேற்றனர். அதே கழகத்தினர் 78 பேரிடம் நடத்திய பெரிய ஆய்வு 2012-இல் வெளியாயிற்று. தொற்றுகளைப் பொறுத்தவரை, இரைப்பைக் குழாய் சிறுகுடல் குழாயினும் தாழ்ந்ததன்று என்று அது காட்டியது. எண்டோஸ்கோப்பி வசதியற்ற சிற்றூர் மருத்துவமனையிலும் உணவூட்டலைத் தொடங்கலாம் என்னும் துணிவை இவ்வாய்வுகள் அளித்தன. வாந்தி நிற்காதோருக்கும் இரைப்பை சரிவர வெளியேற்றாதோருக்கும் மட்டும் சிறுகுடல் குழாய் இன்றும் தேவைப்படுகின்றது.

குழாயை உடனே பொருத்த வேண்டுமா என்பதையும் நெதர்லாந்து நாட்டினர் ஆராய்ந்தனர். 2014-இல் வெளியான அவ்வாய்வில் 208 பேர் இடம்பெற்றனர். ஒரு பிரிவினருக்கு 24 மணி நேரத்துக்குள் குழாய் பொருத்தப்பட்டது. மற்றப் பிரிவினருக்கு 72 மணி நேரம் கழித்து வாய்வழி உணவு கொடுத்துப் பார்க்கப்பட்டது. முடிவில் தொற்றிலோ இறப்பிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. காத்திருந்த பிரிவில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினருக்குக் குழாயே தேவைப்படவில்லை. ஆகவே, மருத்துவர் ‘இன்னும் இரண்டு நாள் பார்ப்போம்’ என்று கூறுவது புறக்கணிப்பு ஆகாது.

தீவிர சிகிச்சைப் பிரிவில்

பெல்ஜியத்தில் 4,640 பேரிடம் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில், குறைபடும் கலோரியைச் சிரைவழியே முதல் இரண்டு நாட்களிலேயே ஈடுசெய்ததைக் காட்டிலும், ஒரு வாரம் பொறுத்துத் தொடங்கியதே விரைந்து குணமடையத் துணைபுரிந்தது. இங்கிலாந்தில் ஏறத்தாழ 2,400 பேரிடம் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், குழாய்வழி, சிரைவழி என்னும் இரு பிரிவினரிடையே 30 நாள் இறப்பில் வேறுபாடு காணப்படவில்லை. பிரான்சில் 2,410 பேரிடம் நடந்து 2018-இல் வெளியான ஆய்வோ, இரத்த அழுத்தம் வீழ்ந்து அதிர்ச்சி நிலையிலிருந்தோருக்கு முழு அளவில் குழாய்வழி உணவளித்தபோது வாந்தியும் வயிற்றுப்போக்கும், அரிதாகக் குடலுக்கு இரத்த ஓட்டம் குறைதலும் மிகுந்தன என்று எச்சரித்தது. குடல் இயங்குமாயின் குடலையே பயன்படுத்துக. நேரமும் அளவும் நோயாளியின் நிலையறிந்து அமைக என்பதே இவற்றின் சாரம்.

சிறிது சிறிதாக ஏன்?

பல நாள் பட்டினி கிடந்தவருக்கும், மதுப்பழக்கத்தால் மெலிந்தவருக்கும் திடீரென்று முழு உணவு அளித்தால், இரத்தத்திலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவை உயிரணுக்களுக்குள் விரைந்து சென்றுவிடும். அதனால் இதயத் துடிப்பு தடுமாறலாம். மூச்சுத் தசைகள் தளரலாம். இதன்பொருட்டே வைட்டமின் பி1 கொடுத்து, இரத்தப் பரிசோதனை செய்து, உணவின் அளவை நாள்தோறும் படிப்படியாக உயர்த்துகின்றோம். ‘இவ்வளவுதானா கொடுக்கிறார்கள்?’ என்று எண்ணி, குடும்பத்தினர் தாமாகக் கூடுதலாக ஊட்டுதல் கூடாது.

இல்லத்தில் குழாய்வழி உணவூட்டுவோர் கவனத்துக்கு

- உணவூட்டும்போதும் அதன்பின் ஒரு மணி நேரமும் தலைப்பக்கம் 30 முதல் 45 பாகை உயர்ந்திருக்கட்டும். படுத்த நிலையில் ஊட்டினால் உணவு நுரையீரலுக்குள் செல்லும் அபாயம் உண்டு.
- ஒவ்வொரு முறையும் மூக்கருகே உள்ள குழாயின் அளவுக் குறியைப் பாருங்கள். குறி வெளியே நகர்ந்திருந்தாலும், இருமலோ மூச்சுத்திணறலோ இருந்தாலும் ஊட்டாதீர்கள்; உடனே மருத்துவமனையை அணுகுங்கள்.
- ஊட்டுவதற்கு முன்னும் பின்னும் 30 மி.லி. கொதித்தாறிய நீர் விட்டுக் குழாயைக் கழுவுங்கள்.
- வீட்டில் அரைத்த உணவை நன்கு வடிகட்டி, அப்போதைக்கப்போது தயாரியுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைத்ததைப் பயன்படுத்தாதீர்கள்.
- நீர்த்த கஞ்சியும் ஜவ்வரிசிக் கூழும் வயிற்றை நிரப்புமேயன்றிப் போதிய புரதம் தாரா. உணவியல் நிபுணர் எழுதிக் கொடுத்த அளவையே பின்பற்றுங்கள். சிறுநீரக நோயுள்ளோருக்குக் கேளாமல் இளநீர் கொடுக்காதீர்கள்.
- வாய்வழி உண்ணாதவருக்கும் வாயைத் தூய்மை செய்தல் வேண்டும்.
- வயிற்றில் நேரடியாகப் பொருத்திய குழாய் கழன்றால் காத்திராமல் உடனே வாருங்கள். அத்துளை சில மணி நேரத்திலேயே சுருங்கத் தொடங்கும்.

ஆய்வில் சேருமாறு கேட்டால்

மேற்கண்ட முடிவுகள் யாவும், நோயுற்ற நிலையிலும் ஆய்வுக்கு இசைந்த மனிதர்களால் கிடைத்தவை. நாளை உங்களிடமும் ஒரு மருத்துவர் அவ்வாறு கேட்கலாம். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற்ற ஆய்வா என்று கேளுங்கள். இந்தியாவில் மருத்துவ ஆய்வுகளைப் பதிவு செய்யும் பதிவகம் 2007 முதல் இயங்குகின்றது; அதன் பதிவு எண்ணைக் கேட்டுப் பெறலாம். ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரியும் தமிழில் இருத்தல் வேண்டும். எந்தப் பிரிவில் சேர்வீர்கள் என்பது பெரும்பாலும் குலுக்கல் போன்ற முறையால் முடிவாகும். அதனை மருத்துவரும் தேர்வு செய்ய இயலாது. மறுக்கவும் இடையில் விலகவும் உங்களுக்கு முழு உரிமை உண்டு. அதனால் உங்கள் சிகிச்சை குறைவுபடலாகாது.

ஆய்வில் சேர்ந்தாலும் சேராவிடினும், அடுத்த முறை மருத்துவர் வார்டுக்கு வரும்போது மூன்று வினாக்களை எழுப்புங்கள்: நோயாளிக்கு நாளொன்றுக்கு எத்தனை கலோரியும் புரதமும் தேவை? அதில் இன்று எவ்வளவு சென்றது? மீண்டும் வாய்வழி உண்ண எப்போது முயலலாம்? இவற்றை ஒரு தாளில் நாள்தோறும் குறித்து வைத்தால், உங்களுக்கும் எங்களுக்கும் அது பேருதவியாகும்.