ஈசிஜி ரிப்போர்ட்டில் 'அப்நார்மல்' என்று வந்தால் பயப்பட வேண்டுமா? எண்களைப் படிப்பது எப்படி?

ஆபீஸில் வருடாந்திர ஹெல்த் செக்கப். சாயங்காலத்துக்குள் ரிப்போர்ட் மெயிலில் வந்துவிடுகிறது. சுகர், கொலஸ்ட்ரால் எல்லாம் ஓகே. ஈசிஜி பக்கத்தின் மூலையில் மட்டும் 'நான்-ஸ்பெசிஃபிக் டி வேவ் அப்நார்மாலிட்டி' என்று ஒரு வரி. டாக்டரைப் பார்க்க அடுத்த வாரம்தான் நேரம் கிடைத்திருக்கிறது. கூகுளைத் திறக்கிறீர்கள். அன்றைக்குத் தூக்கம் போச்சு.

முதலில் ஒரு விஷயம். அந்த வரியை எழுதியது பெரும்பாலும் ஈசிஜி இயந்திரத்தில் இருக்கும் மென்பொருள். பக்கத்தில் 'அன்கன்ஃபர்ம்டு' என்று அச்சாகியிருந்தால், டாக்டர் இன்னும் பார்த்து உறுதி செய்யவில்லை என்று அர்த்தம்.

கட்டங்களை எண்ணுங்கள்

ஈசிஜி ஒரு கிராஃப்தான். கிடைமட்டத்தில் நேரம், செங்குத்தில் மின்னழுத்தம். வழக்கமான வேகத்தில் (நொடிக்கு 25 மில்லிமீட்டர்) ஒரு சிறிய கட்டம் 0.04 நொடி, ஒரு பெரிய கட்டம் 0.2 நொடி. அடுத்தடுத்த இரண்டு உயரமான முனைகளுக்கு நடுவே எத்தனை பெரிய கட்டங்கள் என்று எண்ணி, 300-ஐ அதால் வகுத்துப் பாருங்கள். 4 கட்டம் என்றால் நிமிடத்துக்கு 75 துடிப்பு. துடிப்பு சீராக இருந்தால் இந்தக் கணக்கு சரியாக வரும்.

ரிப்போர்ட்டில் இருக்கும் எண்கள் என்ன சொல்கின்றன?

இதயத் துடிப்பு: ஓய்வில் 60 முதல் 100. தினமும் ஓடுபவர்களுக்கு 50-களில் இருப்பது சகஜம்.

பிஆர் இடைவெளி: மேலறைகளிலிருந்து கீழறைகளுக்கு சிக்னல் போய்ச் சேரும் நேரம். 120 முதல் 200 மில்லிநொடி.

கியூஆர்எஸ்: கீழறைகள் முழுவதும் சிக்னல் பரவும் நேரம். 120 மில்லிநொடிக்குள் இருக்க வேண்டும்.

கியூடிசி: கீழறைகள் தூண்டப்பட்டு, அடுத்த துடிப்புக்குத் தயாராகும் வரையிலான நேரம். ஆண்களுக்கு 450, பெண்களுக்கு 460 மில்லிநொடிக்குள் இருப்பது நல்லது. 500-ஐத் தாண்டினால் அடுத்த வாரம் வரை காத்திருக்காதீர்கள். சில ஆன்டிபயாடிக், மனநல மருந்துகள் இதை நீட்டக்கூடும். சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பயமுறுத்தும் சில வார்த்தைகள்

'சைனஸ் ரிதம்' என்பதற்கும் மூக்கடைப்புக்கும் சம்பந்தமே இல்லை. இதயத்தின் இயற்கையான பேஸ்மேக்கரான சைனஸ் கணு துடிப்பைச் சரியாக நடத்துகிறது என்பதே பொருள். நல்ல செய்தி. 'சைனஸ் அரித்மியா' என்றால், பெரும்பாலும் மூச்சை இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் கூடி, விடும்போது குறைகிறது. இளம் வயதினரிடம் சாதாரணம்.

'நான்-ஸ்பெசிஃபிக்' என்றால் எந்த ஒரு நோயையும் குறிப்பாகச் சுட்டாத சிறிய மாற்றம். பதற்றம், பொட்டாசியம் குறைவு, மருந்து என்று காரணம் பல. எலெக்ட்ரோடை இடம் மாற்றி ஒட்டினால்கூட ஈசிஜி மாறித் தெரியும்.

'நார்மல்' எல்லை என்பதே ஆரோக்கியமானவர்களில் மிகப் பெரும்பாலோரை உள்ளடக்கி வரைந்த கோடு. அதற்கு வெளியே நிற்கும் ஆரோக்கியமானவர்களும் உண்டு. அறிகுறியும் ஆபத்துக் காரணிகளும் இல்லாதவர்களுக்கு ஈசிஜி எடுத்தால் இப்படிப்பட்ட பொய் அலாரங்கள் அதிகம் வரும். அப்படிப்பட்டவர்களுக்கு ஈசிஜி ஸ்கிரீனிங் வேண்டாம் என்று அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2018-ல் பரிந்துரைத்தது.

'நார்மல்' வந்தால் நிம்மதியா?

இங்கேதான் இன்னும் பெரிய தப்பு நடக்கிறது. வழக்கமான ஈசிஜி பதிவு 10 நொடி. ஒரு நாளில் 86,400 நொடி. நிமிடத்துக்கு 72 என்று வைத்தால் 1 லட்சத்துக்கும் மேல் துடிப்புகள். நீங்கள் பார்ப்பது அதில் சுமார் 12. விட்டுவிட்டு வரும் படபடப்பு அந்த 10 நொடியில் சிக்காமல் போகலாம். ரத்தக்குழாயில் பாதி அடைப்பு இருந்தாலும் ஓய்வில் எடுத்த ஈசிஜி நார்மலாக இருக்கலாம். மாரடைப்பு தொடங்கிய நேரத்தில்கூட முதல் ஈசிஜி சில சமயம் நார்மலாக வரும். அதனால்தான் மருத்துவமனையில் மறுபடி மறுபடி ஈசிஜி எடுக்கிறார்கள், ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் செய்கிறார்கள்.

ஸ்மார்ட்வாட்ச் ஈசிஜி ஒரே கோணத்தில் பார்க்கிறது. மருத்துவமனையில் எடுப்பது 12 கோணங்களில். சீரற்ற துடிப்பைக் கண்டுபிடிக்க வாட்ச் உதவும். மாரடைப்பைக் கண்டுபிடிக்க அதை நம்ப முடியாது.

ஆகவே நெஞ்சில் அழுத்தம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, திடீர் வியர்வை, மூச்சுத்திணறல் வந்தால் "கேஸ்தான், சோடா குடிச்சா சரியாயிடும்" என்று இருக்காதீர்கள். "போன மாசம்தான் ஈசிஜி எடுத்தேன், நார்மல்" என்பதும் பதில் ஆகாது. 108-ஐ அழையுங்கள். நீங்களே வண்டி ஓட்டிப் போக வேண்டாம். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் பெரிய நெஞ்சு வலி இல்லாமலே மாரடைப்பு வரக்கூடும்.

அறிகுறி எதுவும் இல்லையா? ரிப்போர்ட்டை போனில் பத்திரமாக வைத்திருங்கள். டாக்டரைப் பார்க்கும்போது பழைய ஈசிஜி இருந்தால் அதையும் கொண்டுபோய், "இது முன்னாடியே இருந்ததா, புதுசா வந்திருக்கா?" என்று கேளுங்கள். அந்த ஒரு வரிக்கு என்ன மதிப்பு என்பது பெரும்பாலும் அந்தப் பதிலில்தான் தெரியும்.